குளச்சல் கடற்காற்றில் ஒரு பழைய கூலிங் டவர்: பராமரித்துப் பார்த்த அனுபவம்

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் கூலிங் டவருக்கு 20 வயது தாண்டிவிட்டது. அமோனியா வாயுவைத் திரவமாக்கும் கண்டென்சரில் சூடாகித் திரும்பும் தண்ணீரைக் காற்றில் ஆறவிடும் கோபுரம் இது. ஃபைபர் உடம்பு, கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) இரும்புச் சட்டம், தண்ணீர் பரவி இறங்க உள்ளே தேன்கூடு மாதிரி அடுக்கிய பிவிசி ஃபில், உச்சியில் ஃபேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், இதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடலோரத்தில் டவரின் ஆயுளைத் தீர்மானிப்பது போல்ட்டும் தண்ணீரும்தான். இந்த இரண்டையும் கவனித்தால் ஃபைபர் உடம்பு இன்னும் பல வருஷம் நிற்கும்.

டவர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வது, உள்ளே வரும் சூட்டுத் தண்ணீருக்கும் தொட்டியில் விழும் தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்ப்பது. 5 டிகிரி இருந்தால் திருப்தியாகப் போய்விடுவார்கள். இந்தக் கணக்கை நம்பவே கூடாது. அந்த வித்தியாசம் கண்டென்சர் தரும் வெப்பத்தையும் ஓடும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. டவர் பாதி அடைத்துக் கிடந்தாலும் அதே 5 டிகிரி காட்டும். 36-லிருந்து 31-க்கு இறங்க வேண்டிய தண்ணீர் 39-லிருந்து 34-க்கு இறங்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலையை. தெர்மாமீட்டர் நுனியில் ஈரத் துணி சுற்றிக் காற்றில் காட்டினால் வருகிற அளவு அது. எந்த டவரும் அதற்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. மே மாதம் நம் கடலோரத்தில் அது 27-ஐ ஒட்டி நிற்கும்போது தொட்டித் தண்ணீர் 31 என்றால் டவர் நன்றாக இருக்கிறது. அதே காற்றில் 34 என்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

அந்த 3 டிகிரிக்கு ஏன் இவ்வளவு கவலை? அமோனியா 35 டிகிரியில் திரவமானால் கேஜில் அழுத்தம் ஏறக்குறைய 180 பிஎஸ்ஐ. 40 டிகிரியில் 210-ஐத் தொட்டுவிடும். திரவமாகும் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் கூடும். ஐஸ் பிளாண்டின் பெரிய செலவே கரண்ட் பில்தான். பழைய டவர் தின்கிற பணம் டவர் கணக்கில் வராது, அந்த பில்லில் ஒளிந்திருக்கும்.

டவரைத் திறந்து முழுசாகச் சோதித்துப் பார்க்க எங்களுக்குக் கிடைக்கும் காலம் மீன்பிடித் தடை நாட்கள். குமரி மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, ஐஸ் தேவை விழுந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் உள்ள சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் அவர்களுக்கு வெயிலிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். நமக்கு ஆனி, ஆடி மழைக்கும் காற்றுக்கும் நடுவில்தான் டவரைத் திறக்க முடியும்.

அந்தக் காற்றில் முதலில் கவனிக்க வேண்டியது உயிர். மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாலும் ஃபேன் தானாகச் சுற்றும். கடற்காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும்போது இறக்கைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று யாராவது உள்ளே கை நீட்டினால் முடிந்தது. இறக்கையைச் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டிய பிறகுதான் ஏணியில் ஆள் ஏற வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அப்புறம் போல்ட். வெளியில் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும் சட்டத்தை நம்ப வேண்டாம். துரு பிடிக்கும் இடம் தண்ணீர் தெறித்துக் காயும் பட்டை: தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒரு அடி மேலே, காற்று நுழையும் வாய் ஓரம். நனைவதும் காய்வதுமாக அங்கே உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்தது மொத்தென்று சொல்லும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் ஃபேன் சிலிண்டரை (ஃபேனைச் சுற்றியுள்ள வட்டக் கூட்டை) பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றியபோது பல போல்ட்டுகள் நடுவில் பென்சில் கனத்துக்கு ஒடுங்கியிருந்தன. தலையும் நட்டும் முழுசாக இருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை. அதிலிருந்து எதையும் கழற்றிப் பார்க்காமல் நல்லது என்று எழுதுவதில்லை.

மாற்றும்போது 304 எவர்சில்வர் போட வேண்டாம். கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும், குழி பறிக்கும். மாலிப்டினம் கலந்த 316 விலை கூடுதல்தான், ஆனால் தாங்குகிறது. இரும்புத் தகட்டோடு அது நேராக ஒட்டும் இடத்தில் நைலான் வாஷர் போட வேண்டும். இல்லையென்றால் சுற்றியுள்ள துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்விடும்.

ஃபேனில் இறக்கைகளின் அடிவேர்தான் விரிசல் விடும் இடம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடமான ஃபைபர் இறக்கை என்றால் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி ஒரு பக்கம் கனத்து மொத்த டவரும் ஆடும். எங்கள் மூத்த ஆபரேட்டர் காதால் கண்டுபிடிப்பார். "மக்கா, சத்தம் மாறிட்டு, ஏறிப் பாரு" என்பார். ஏறிப் பார்த்தால் ஒன்று அந்த ஓட்டையாக இருக்கும், இல்லை கியர் பாக்ஸ் எண்ணெயாக இருக்கும். எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீலைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

ஃபில் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. நெருக்கமான ஃபில்தான் அதிகம் குளிர்விக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது உண்மை. நம் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்ப்பாகிவிடும், காற்றோடு மணல் வரும், வெளிச்சம் படும் இடத்தில் பாசி வரும். நெருக்கமான ஃபில் இதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு அடைக்கும், பல மடங்கு கனக்கும். அந்தக் கனமும் பழைய சட்டத்தின் மேல்தான். இப்போது அகலமான, நேராக இறங்கும் பள்ளம் உள்ள ஃபில்லுக்கு மாறிவிட்டோம். புதுசில் குளிர்ச்சி சற்றுக் குறைவுதான், ஆனால் சீசன் முழுக்க அதே அளவில் நிற்கிறது. வருஷா வருஷம் ஒரே இடத்திலிருந்து ஒரு ஃபில் கட்டு உருவி, காய வைத்து, பிளாண்டில் இருக்கும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்கிறோம். எவ்வளவு படிந்திருக்கிறது என்று அந்த எடையே சொல்லிவிடும்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு முழுக்கத் தொட்டியில் தங்குகிறது. மணிக்கு 60,000 லிட்டர் ஓடி 5 டிகிரி குறைந்தால் சுமார் 500 லிட்டர் ஆவியாகும். தொட்டி உப்பு கிணற்று உப்பைப் போல் 2 மடங்கில் நிற்க மணிக்கு 500 லிட்டர் வெளியே விட வேண்டும். 3 மடங்கு என்றால் 250 போதும். 5 மடங்கில் 125, 6 மடங்கில் 100. 2-லிருந்து 3-க்குப் போவதில் நல்ல மிச்சம் உண்டு. 5-லிருந்து 6-க்குப் போய் மிச்சமாகும் 25 லிட்டருக்காகக் கண்டென்சர் குழாயில் சுண்ணாம்பு படிய விடுவது நஷ்டம். கிணறு 600 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) காட்டினால் தொட்டி 1,800-ஐத் தாண்டாதபடி வால்வைச் சிறிதாகத் திறந்தே வைக்கிறோம். கோடையில் கிணறு ஏறினால் இந்த மடங்கையும் குறைத்துவிடுவோம். வாரம் ஒருமுறை மொத்தமாகத் திறந்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இடைப்பட்ட நாட்களில் உப்பு ஏறிவிடுவதால் அதில் பயன் குறைவு.

பாசிக்கு ஹைப்போகுளோரைட் போதும், ஆனால் மாலையில் ஊற்றுங்கள். வெயில் குளோரினைச் சீக்கிரம் அழித்துவிடும். டவர் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல் போவது சகஜம், அப்போது குளோரினின் வீரியமும் குறையும். இதை அழுக்கு விஷயமாக மட்டும் பார்க்கக் கூடாது. 1976-ல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணம் லெஜியோனெல்லா பாக்டீரியா என்று அடுத்த வருஷம் கண்டுபிடித்தார்கள். வெதுவெதுப்பான டவர் தண்ணீர் அதற்கு ஏற்ற இடம், மூச்சில் போகும் நீர்த்துளியில்தான் பரவுகிறது. அதனால் உச்சியில் துளிகளைப் பிடிக்கும் தட்டுகளில் உடைசல் இருந்தால் உடனே மாற்றுகிறோம். தொட்டி கழுவும் பையன்களுக்கு என்95 முகமூடி கட்டாயம். சும்மா சேறுதானே அண்ணே என்பார்கள். விடுவதில்லை.

வரும் ஜூனில் தொட்டியை ஒட்டிய இரும்புக் கால்களை எடுத்துவிட்டு ஃபைபர் கால்கள் வைக்கப் போகிறோம். உடம்பில் வெயிலுக்கு நார் கிளம்பிய மேற்குப் பக்கத்தைத் தேய்த்து ரெசின் பூச வேண்டும். நாணயத்தால் தட்டிப் பார்த்ததில், உள்ளே அடுக்கு விட்டிருந்தால் வரும் பொள்ளல் சத்தம் எங்கும் வரவில்லை, அதனால் உடம்பை மாற்றப் போவதில்லை.