காலண்டர் தாளில் வரைந்த மரத்துக்கு 485,000 ரூபாய் கொடுத்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று இருந்துவிடுவேன். நான் அப்படிப்பட்டவன் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள். 485,000 ரூபாய். கடைக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வழக்கறிஞர் கடிதம் மட்டும் மறுநாளே வந்து சேரும், மற்ற எதற்கும் அவர்களுக்கு மூன்று வாரம் வேண்டும். கொழும்பில் கடை கடையாக ஏறி, ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருப்பவர்களாகப் பார்த்து விற்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது புடவைக்கடை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, வவுனியா என்று நான்கு சில்லறைக் கடைகள். கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியம். அப்பா காலத்தில் கடைக்கு ஒரு கொப்பி இருந்தது. ஒரு கடையில் நிற்பவர் அடுத்த கடைக் கொப்பியைத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் கொப்பிகளையும் மேசையில் விரித்து வைத்துக் கூட்டிப் பார்ப்பவர் அப்பா ஒருவர்தான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான், கணினியில்.

தைப்பொங்கல் முடிந்த வாரம் ஒரு பையன் வந்தான். மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு, சுவரில் கிழிக்காமல் தொங்கிய பழைய காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தில் மரம் ஒன்றை வரைந்தான். "உச்சியில் நீங்கள், அண்ணா. கீழே மேல் மாகாணம், வட மாகாணம். மேல் மாகாணத்தின் கீழ் மாவட்டங்கள். மாவட்டத்தின் கீழ் கடைகள். கடையின் கீழ் காசாளர் மேசைகள்." நான் வத்தளையைக் கொழும்பு மாவட்டத்தின் கீழ் போடச் சொன்னேன். பேனாவை நிறுத்தி, "இல்லை அண்ணா, வத்தளை கம்பஹா மாவட்டம்" என்றான்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். பதினைந்து வருடங்களாக அங்கே கடை நடத்துகிறவனைத் திருத்துகிற பையன் வேலையையும் இதே கவனத்தோடு செய்வான் என்று நினைத்துவிட்டேன். எந்த மாவட்டம் என்று சரியாகச் சொல்வதற்கு மென்பொருள் தேவையில்லை, பாடசாலைப் புவியியல் புத்தகம் போதும் என்பது அப்போது தோன்றவில்லை.

அவன் தந்த வாக்கு இரண்டு. ஒன்று, மரத்தில் எந்தக் கணுவை, அதாவது மாகாணம், மாவட்டம், கடை என்று எழுதிய எந்த இடத்தைத் தொட்டாலும் அதன் கீழுள்ள கடைகளின் விற்பனையும் இருப்பும் தானாகக் கூட்டி வரும். இரண்டாவது, ஒருவருக்கு ஒரு கணுவில் உரிமை கொடுத்தால் அவருக்கு அதற்குக் கீழே உள்ளவை மட்டும் தெரியும். மேலே உள்ளதும் தெரியாது, பக்கத்துக் கிளையும் தெரியாது. "வெள்ளவத்தை முகாமையாளருக்கு வெள்ளவத்தைதான், அண்ணா. உங்களுக்கு எல்லாம்." அன்றே 300,000 ரூபாய்க்குக் காசோலை எழுதினேன். மார்ச்சில் நிறுவி முடித்ததும் மிச்சம் 185,000. மொத்தம் 485,000 ரூபாய்.

சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது, ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வெள்ளவத்தை முகாமையாளர் நேராக வீட்டுக்கு வந்தார். கையில் எட்டுப் பக்கத் தாள். "ஐயா, இது என் கைக்கு வந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்" என்றார். திரையில் அவருக்கு வெள்ளவத்தை மட்டுமே தெரிந்திருக்கிறது. ஆனால் எக்செல் கோப்பாக இறக்கும் பொத்தானை அழுத்தியதும் ஐந்து கடைகளும் களஞ்சியமும் சேர்ந்து வந்துவிட்டன. ஒவ்வொரு புடவையின் கொள்விலையும் இருந்தது. கடனுக்கு வாங்கும் வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், பாக்கித் தொகை எல்லாம் இருந்தன. மரம் திரைக்கு மட்டும் போட்ட திரைச்சீலை. அதற்குப் பின்னால் எல்லாக் கடையும் ஒரே அறையில்தான் கிடந்திருக்கிறது.

அவர் நேர்மையானவர், கொண்டுவந்து தந்துவிட்டார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து ஒருவர் விலகி அதே வீதியில் எதிர்க்கடையில் சேர்ந்தார். அதன் பிறகு நான் விற்கும் அதே ரகம் அங்கே ஐம்பது ரூபாய் குறைவாகத் தொங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட என்னிடம் சான்று இல்லை. ஆகவே இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மகள் வேறு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுகிறாள். வாடிக்கையாளரின் விபரங்களைத் திரட்டியவன் நான், எனவே முதலில் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தானாம். காசும் போய், குற்றவாளியும் நான்.

சரி, அறிக்கையாவது ஒழுங்காக வந்ததா? கிராண்ட்பாஸிலிருந்து வவுனியாவுக்குச் சிப்பம் கட்டி அனுப்பினோம். ஒரு களஞ்சியத்திலிருந்து ஒரு கடைக்குப் போவது இடமாற்றம். இந்த மென்பொருளுக்கு அது விற்பனை. களஞ்சியத்தில் ஒரு முறை விற்று, வவுனியாவில் இன்னொரு முறை விற்று, உச்சியில் இரண்டையும் கூட்டிக் காட்டியது. அந்த எண்ணை அப்படியே வரித் திணைக்களத்துக்குக் கொடுத்திருந்தால், விற்காத புடவைக்கு 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி கட்டியிருப்பேன். கணக்காளர் பழைய ஆள், பில்லை வைத்துச் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் தப்பினேன்.

வத்தளைக் கடை மனைவியின் பெயரில் பதிவானது, அதன் வரிக் கணக்கு வேறு. இடவாரியாகப் பார்த்தால் அது மேல் மாகாணம். வரிக்குப் பார்த்தால் வேறொரு வியாபாரம். அப்படியானால் இரண்டு மரம் வேண்டும், அதே கடை இரண்டிலும் வெவ்வேறு தாய்க்கணுவின் கீழ் நிற்க வேண்டும். இவர்களிடம் ஒன்றுதான். வரிக்காக வத்தளையைத் தனியே பிரித்துப் போட்டோம். உடனே முன்பு அச்சிட்டு வைத்த மாதக் கணக்குக்கும் திரையில் காட்டும் அதே மாதக் கணக்குக்கும் பொருத்தம் இல்லாமல் போனது. எந்தத் திகதி வரை எங்கே இருந்தது என்பதை அது நினைவில் வைக்கவே இல்லை. இன்றைக்கு எங்கே இருக்கிறதோ, ஆதியிலிருந்தே அங்கே இருந்ததாகச் சாதிக்கிறது.

முதலில் அழைத்தபோது பையன், "பார்க்கிறேன் அண்ணா" என்றான். ஒரு வாரம் கழித்து, "மென்பொருள் எழுதுபவர் வெசாக் விடுமுறையில் போயிருக்கிறார்." வெசாக் முடிந்தது. பொசனும் முடிந்தது. பிறகு, "அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்." பிறகு பையனின் இலக்கம் வேலை செய்யவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்து, நீங்கள் கடைகளைத் தவறான வரிசையில் பதிந்திருப்பீர்கள் என்றார். பதிந்தவர்களே நீங்கள்தான் என்றதும் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பதினொரு நிமிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த எட்டுப் பக்கப் படங்களுக்கும் நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் கிடையாது.

நேற்று நேரிலேயே போனேன். கழுத்துப் பட்டி கட்டிய ஒருவர் ஒப்பந்தத்தை விரித்தார். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். அதில் 'பல இடங்களுக்கான வசதி' என்று ஒரு வரி இருக்கிறது. மரம் இல்லை, கணு இல்லை, யாருக்கு எது தெரியும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. "பல இடங்களைப் பதிய முடிகிறதுதானே, சேர்?" என்றார். தரவைக் கடைவாரியாகப் பூட்டுவது மேலதிக வசதியாம், அதற்கு இன்னும் 160,000 ஆகுமாம். காலண்டர் தாளை நீட்டினேன். அதில் எங்கள் முத்திரை இல்லையே என்றார். 485,000 ரூபாய் வாங்கியவர்கள் எனக்கு ஒரு பிளேன்டீ கூடத் தரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், அற்பமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. வரைந்து காட்டுவதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கடை முகாமையாளரின் பெயரில் உள்ளே போய், கோப்பை இறக்கிப் பாருங்கள், அச்சிட்டும் பாருங்கள். திரையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். களஞ்சியத்திலிருந்து பத்துப் புடவையைக் கடைக்கு அனுப்பி, விற்பனை பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மிச்சப் பணத்தை ஒரு மாதக் கணக்கு ஒத்து வரும்வரை கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டேன். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று மைத்துனர் சொல்கிறார், திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. உள்ளே போகும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். இன்று காலைதான் நான் திறந்தேன். மரத்தின் உச்சியில் என் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருக்கிறது, அந்த நிறுவனத்துடையது. ஐந்து கடைகளும் களஞ்சியமும் கொள்விலையும் அவர்களுக்குத் தெரியும். அதை நீக்கப் போனேன். 'உங்களுக்கு இந்த உரிமை இல்லை' என்று வருகிறது.