விம்காஸ்: கட்டணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் டிவிஎம் எனப்படும் கால்நடை மருத்துவப் பட்டம் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விஎம்சிஏஎஸ் வழியாகத்தான் போக வேண்டும். பேச்சில் 'விம்காஸ்'. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பச் சேவை இது. ஒரு முறை நிரப்பினால் போதும், பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டனின் ராயல் வெட்டினரி காலேஜ், டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ், கரீபியன் தீவுகளில் உள்ள ராஸ், செயின்ட் ஜார்ஜஸ் ஆகியவையும் இதன் வழியே விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் கல்லூரிக்கு 200 டாலருக்கு மேல், அடுத்து சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் 100 டாலருக்கு மேல். கட்டிய பணம் திரும்ப வராது.

மென்பொருளில் பெரிய குறை சொல்ல முடியாது. சொந்த விவரம், கல்வி வரலாறு, துணை விவரங்கள், கல்லூரிவாரித் தகவல் என்று நான்கு பகுதிகள். எது முடிந்தது, எது பாக்கி என்பது முகப்பிலேயே தெரியும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். ஆனால் இதை வடிவமைத்தவர்களின் கண்முன் இருந்தவர் அமெரிக்கக் கல்லூரியில் செமஸ்டர் முறையில் படித்த மாணவர். வேறு நாட்டில் படித்தவருக்குச் சிக்கல் வரும் இடங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்தில்தான் போய் முடிகின்றன.

முதலில் மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டுப் பட்டியல்களை அமெரிக்க அளவுக்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன. டபிள்யூஇஎஸ் அவற்றில் பலரும் நாடுவது. அங்கே இரண்டு வகை அறிக்கை விற்பார்கள். 'பட்டம் இதற்குச் சமம்' என்று மட்டும் சொல்வது மலிவானது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக கிரெடிட், கிரேடு போட்டுத் தருவது விலை கூடியது. இப்படி மதிப்பீடு கேட்கும் கால்நடைக் கல்லூரிகளுக்கு இரண்டாவதுதான் வேண்டும். மலிவானதை வாங்கினால் முன்தேவைப் பாடங்களை, அதாவது சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டியவற்றை, யாரும் சரிபார்க்க முடியாது. இரண்டாம் முறை பணம் கட்ட நேரிடும்.

நேரம் எங்கே போகிறது என்றால், மதிப்பீட்டு நிறுவனத்தில் அல்ல, நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில். பட்டியலை மாணவர் கையில் கொடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் அல்லது மின்வழியில் அனுப்ப வேண்டும். அது வாரக்கணக்கிலும் இழுக்கும், மாதக்கணக்கிலும் இழுக்கும். பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கடைசி நாள் செப்டம்பர் மாத நடுவில், அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி. போர்ட்டல் ஜனவரியிலேயே திறந்துவிடுகிறது. திறந்ததும் கட்டுரை எழுத உட்காராமல் தேர்வுப் பிரிவுக்கு மனு போடுவதே முதல் வேலை.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு இன்னொரு பெயர் என்றிருந்தால் ஆவணங்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே கிடக்கும். போர்ட்டலில் மாற்றுப் பெயர்களைக் குறிக்க இடம் உண்டு. அதைக் காலியாக விடக் கூடாது. மதிப்பீட்டு நிறுவனத்திலும், ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

அடுத்த தடை முன்தேவைப் பாடங்கள். கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகியவை பொதுவானவை. பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அறிவியல் மாணவர்கள் வேதியியலில் தடுக்கி விழுவது குறைவு. விழுவது ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியிலும், சில இடங்களில் கேட்கும் மேடைப் பேச்சுப் பாடத்திலும்தான், ஏனென்றால் பல நாடுகளின் அறிவியல் பட்டங்களில் இவை இருப்பதே இல்லை. இன்னொன்று ஆய்வகம். ஆண்டுத் தேர்வு முறையில் 'செய்முறை' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அது எந்தப் பாடத்தின் ஆய்வகம் என்று வெளியாளுக்குத் தெரியாது. துறைத் தலைவர் கையெழுத்திட்ட பாடத்திட்டப் பிரதி இருந்தால் கல்லூரி கேட்கும்போது உடனே அனுப்பலாம். சில கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன; சில, பழைய பாடங்களுக்குக் கால வரம்பு வைக்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மின்னஞ்சலில் சேர்க்கைப் பிரிவிடம் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்த பிறகு கல்லூரியைப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. தகுதியில்லாத கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் போர்ட்டல் பணத்தை வாங்கிக்கொள்ளும், தடுக்காது.

பரிந்துரைக் கடிதங்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் ஒன்றாவது கால்நடை மருத்துவரிடமிருந்து வர வேண்டும் என்பதே பெரும்பாலான கல்லூரிகளின் எதிர்பார்ப்பு. நீங்கள் கடிதத்தைப் பதிவேற்ற முடியாது. பரிந்துரைப்பவரின் முகவரியைக் கொடுத்தால் போர்ட்டல் அவருக்கு இணைப்பு அனுப்பும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழுவது சர்வ சாதாரணம். முகவரி கொடுத்த அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' என்பதே வழக்கம். மாணவர் படிக்கப் போகும் கடிதத்துக்குத் தேர்வுக் குழுவில் மதிப்பு குறைவு.

அனுபவ மணிநேரப் பகுதி இந்தச் சேவையில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று. மருத்துவர் மேற்பார்வையில் செய்தது ஒரு வகை, மேற்பார்வை இல்லாமல் விலங்குகளோடு செய்த வேலை, உதாரணமாகப் பண்ணை வேலை, இன்னொரு வகை, ஆராய்ச்சி வேறு. வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை வாரம் என்று போட்டால் மொத்தத்தை அதுவே கணக்கிடும். ஒரே மணிநேரத்தை இரண்டு வகையிலும் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு நூறு மணி வந்து நிற்கும். விவரிப்பில் 'உதவினேன்' என்று நிறுத்தாமல் என்ன செய்தீர்கள் என்பதை எழுத வேண்டும்: மாட்டைக் கட்டுப்படுத்தியது, ரத்த மாதிரி எடுக்கப் பிடித்துக்கொடுத்தது, அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தது. நாய், பூனை மட்டுமே பார்த்த விண்ணப்பத்தைவிட, பால் பண்ணையையும் கோழிப் பண்ணையையும் பார்த்த விண்ணப்பத்துக்கு வலு அதிகம்.

சமர்ப்பித்த பிறகு பூட்டு விழுந்துவிடும். கல்லூரிகளைக் கூட்டலாம், புதிய அனுபவத்தைச் சேர்க்கலாம். ஏற்கெனவே எழுதியதைத் திருத்த முடியாது. சரிபார்ப்பில் நீங்கள் பதிவு செய்த பாடங்களும் மதிப்பெண் பட்டியலும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் உங்களிடமே திரும்பி வரும். கடைசி வாரத்தில் அனுப்புகிறவருக்கு இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

விம்காஸ் சொல்லாத முக்கியமான விஷயம் பணம். அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டவருக்குக் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்கர் ஒருவர் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் கிடைக்க முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். சில கல்லூரிகள் அதோடு விடாமல் நான்கு ஆண்டுத் தொகையையும் முன்கூட்டியே கணக்கில் வைக்கச் சொல்கின்றன. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஐந்தாறு கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவது வீண்.

பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவருக்கு விம்காஸ் பெரும்பாலும் தேவையில்லை. பிரிட்டனின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அந்நாட்டின் பொது விண்ணப்பச் சேவையான யூகாஸ் போதும். செலவு மிகக் குறைவு. கடைசி நாள் அக்டோபர் 15, கால்நடை மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளுக்கு மேல் போட முடியாது. ஹங்கேரியின் புடாபெஸ்ட், செக் நாட்டின் பிர்னோ, ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே ஆகிய ஊர்களின் கால்நடைப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில வழியில் கற்பிக்கின்றன, நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே வடிகட்டுவது உயிரியல், வேதியியல் நுழைவுத் தேர்வு. ஆனால் அமெரிக்காவில் வேலை பார்ப்பதுதான் எண்ணம் என்றால், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏவிஎம்ஏவின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாவ்லே என்ற 360 கேள்வித் தேர்வையும் மாநில உரிமத்தையும் முடித்தால் போதும். இல்லாவிட்டால், அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கான சான்றிதழ்த் திட்டங்களான இசிஎஃப்விஜி அல்லது பேவ் வழியில் கூடுதல் தேர்வுகள். இசிஎஃப்விஜியின் செய்முறைத் தேர்வில் மட்டும் ஏழு பிரிவுகள்: மயக்கமருந்து, குதிரை, பண்ணை விலங்கு, பிரேதப் பரிசோதனை, எக்ஸ்ரே எனும் கதிர்ப்படவியல், சிறுவிலங்கு மருத்துவம், அறுவை.

விம்காஸுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம் என்று வரும் முகவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. படிவம் அவ்வளவு கடினமல்ல, கடினமான பகுதி உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. முகவரிடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றாலும் கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், திரும்பி வந்த விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.