கவிழாத கையும் வலது ஸ்டிக்கும்: கன்சோலுக்கு மாறிய பின் என் அனுபவம்

என் கேம் கன்சோலின் கன்ட்ரோலரில், அதாவது இரண்டு கைகளாலும் பிடித்து ஆடும் கருவியில், வலது கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கை மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டு போன வாரம் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சித்தி மகனிடமிருந்து செய்தி வந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான். "அண்ணே, எனக்கும் கையில் கோளாறு. கணினியைக் கொடுத்துவிட்டு உங்களைப் போலக் கன்சோல் வாங்கலாம் என்று இருக்கிறேன். வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். அந்த நிமிடமே பதில் எழுதியிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். ஒரு வாரம் ஆறப்போட்டு எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எந்த நிறுவனத்தின் கன்சோல் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாக் கன்சோல்களுக்கும் பொருந்துபவை. பழியை மட்டும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. சிந்துபூந்துறையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது கரண்ட் இல்லை. அரிசி மூட்டை, பத்திரங்கள், ஆச்சியின் மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, கடைசியாக என் கணினியின் கேபினெட்டைத் தூக்கினேன். மூன்று ஆண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. ஈரக் காலோடு ஏழாவது படியில் வழுக்கினேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே இருந்த எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை அந்தக் கணினி ஓடுகிறது. எனக்குத்தான் மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் திருகு போட்டார்கள்.

கட்டுப் பிரித்த பிறகுதான் என்ன போயிற்று என்பது தெரிந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கையைக் கவிழ்க்கும்போது ஆரை எலும்பு மற்றதன் மேல் குறுக்காக உருண்டு விழும். அந்த உருளல் எனக்கு முழுதாகத் திரும்பவில்லை. இடது கையை மேசை மேல் வைத்தால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். வலது கையில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் மேசையைத் தொடும், கட்டைவிரல் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மெழுகு ஒத்தடம், பந்தைப் பிசைவது, சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்துக் கையை மெல்லத் திருப்புவது என்று மாதக்கணக்கில் செய்தேன். முக்கால் பங்கு வந்தது. மீதிக் கால் பங்கில்தான் மவுஸ் இருக்கிறது.

மவுஸ் பிடிப்பது கையைக் கவிழ்த்து வைக்கும் வேலை. கை கவிழாவிட்டால் முழங்கை வெளியே தள்ளிக்கொள்ளும், தோள் ஏறிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வரை வலி பிடித்துவிடும். நிமிர்ந்து நிற்கும் மவுஸ் ஒன்று வாங்கினேன். கைகுலுக்குவதுபோலப் பிடிப்பது அது. அலுவலக வேலைக்கு அருமை, இப்போதும் அதில்தான் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் சுடும் ஆட்டங்களில் எதிரி பக்கவாட்டில் தலை காட்டும்போது மணிக்கட்டைச் சடாரென வெட்ட வேண்டும். அந்த ஒரு வெட்டு தகடு இருக்கும் இடத்தில் போய்க் குத்தும்.

கணினியிலேயே ஒரு கன்ட்ரோலரைச் செருகி ஆடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதுவே போதும், கையில் கோளாறு உள்ளவர்கள் முதலில் அதைத்தான் செய்து பார்க்க வேண்டும். என் கதை வேறு. நாங்கள் ஐந்து பேர் இரவு பத்து மணிக்கு மேல் வாலரன்ட் என்ற சுடும் ஆட்டத்தை இணையத்தில் சேர்ந்து ஆடுவோம். அதன் கணினிப் பதிப்பு கன்ட்ரோலரை ஏற்காது. கன்ட்ரோலரை ஏற்கும் மற்ற ஆட்டங்களிலும் எதிரே இருப்பவர்கள் மவுஸ் பிடித்தவர்கள். நான் திரும்புவதற்குள் முடித்துவிடுவார்கள். போதாததற்கு, ஆட்டத்தின் நடுவே ஏதாவது ஒரு அறிவிப்புப் பெட்டி திரையில் குதித்தால் அதை மூட மறுபடியும் மவுஸைத்தான் எடுக்க வேண்டும். கன்சோலில் தொடக்கம் முதல் அணைப்பது வரை எல்லாமே கன்ட்ரோலருக்குள் அடங்கிவிடுகின்றன. 2024 ஆடி மாதத்தில் வாங்கினேன்.

வாங்கிய அன்று பத்தமடைப் பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கைகளை வைத்தேன். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, கும்பிடப் போகும் கைகள்போல இருந்தன. கவிழ்க்க வேண்டியதே இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து நேரம் பார்த்தபோதுதான் கை வலிக்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது. ஏழு மாதங்களில் முதல்முறையாக என் கையை மறந்துவிட்டு ஒரு காரியம் செய்திருக்கிறேன். கன்சோலைப் பற்றி நான் எவ்வளவு கோபமாகப் பேசினாலும் அந்தச் சாயங்காலத்துக்கான நன்றி எனக்குக் குறையாது.

வசதிகளும் நிறையவே இருக்கின்றன. எந்தப் பொத்தானை எங்கே வேண்டுமானாலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஆட்டத்தில் உடல் குறைபாடு உள்ளவர்களுக்காகவே அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டு. ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டிய இடத்தில் வெறுமனே அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றலாம். குறி தானாகவே எதிரியின் மேல் போய் உட்காரும்படி செய்யலாம். இதைச் செய்தவர்கள் என் கையைப் போன்ற ஒரு கையை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

இனி அந்த வலது ஸ்டிக்.

மவுஸில் கை முழுவதும் சேர்ந்து செய்த வேலையைக் கன்சோலில் வலது கட்டைவிரல் தனியாகச் செய்கிறது. பார்வையைத் திருப்புவது, குறி பார்ப்பது, பின்னால் யார் வருகிறார் என்று பார்ப்பது எல்லாமே அந்தச் சிறு குமிழ்தான். அதற்குள் இருப்பது கரி பூசிய தடம் ஒன்றும், அதன்மேல் தேய்ந்துகொண்டே ஓடும் உலோக நாக்கும். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகுக்குள் இருப்பதும் இதுதான். நாக்கு ஓட ஓடத் தடம் தேய்கிறது. தேய்ந்ததும், கையை எடுத்த பிறகும் ஸ்டிக் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருப்பதாகவே கன்சோல் நினைத்துக்கொள்கிறது. திரையில் காட்சி தானாக, மெதுவாக, இடது பக்கம் நழுவத் தொடங்கும். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து நிமிர்ந்தால் நீங்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சரியான கை உள்ளவருக்கு இது எரிச்சல். எனக்கு இது வலி. நழுவும் காட்சியை நிமிர்த்திப் பிடிக்க என் கட்டைவிரல் ஓயாமல் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது கட்டைவிரலின் அடி வீங்கியிருக்கும். கைக்கு ஓய்வு கொடுக்க வாங்கிய பொருள் கையை வேலை வாங்குகிறது. நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் பரப்பைப் பெரிதாக்கி வைத்தால் நழுவல் மறையும். ஆனால் அப்போது ஸ்டிக்கை இன்னும் தூரம் தள்ளினால்தான் எதுவும் அசையும். அதுவும் கட்டைவிரல் தலையில்தான் விழுகிறது.

முதல் முறை உத்தரவாதக் காலத்துக்குள் வந்தது. கூரியரில் அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தேன். இரண்டாவது முறை உத்தரவாதம் முடிந்திருந்தது. ஜங்ஷனில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே பலகையை வைத்துக் காட்டினார். ஒரு ஸ்டிக்கைக் கழற்ற 14 இடங்களில் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். ஒரு இடத்தில் சூடு கூடினால் பலகையிலுள்ள தடம் உரிந்து வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் செய்ததைப் பார்த்தபோது, எளிதில் தேயக்கூடிய பாகத்தை ஏன் இப்படிப் பலகையோடு பலகையாகப் பற்றவைத்து அனுப்புகிறார்கள் என்ற கேள்விதான் வந்தது. சைக்கிளில் பிரேக் கட்டையை மாற்றுவதுபோல வீட்டிலேயே கழற்றி மாட்டும்படி செய்திருக்கலாம். செய்ய முடியாத வேலை அல்ல.

இந்த மூன்றாவது முறை காந்தத்தில் இயங்கும் ஸ்டிக்கைப் போடச் சொன்னேன். ஹால் விளைவு என்பார்கள். காந்தம் அசைவதை உணரி தொடாமலேயே அறியும், உரசித் தேய அங்கே ஒன்றுமில்லை. தம்பி 1,200 ரூபாய் வாங்கினார். ஒரு வாரமாக நழுவவில்லை. இதை முதலிலேயே உள்ளே வைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு இரண்டு மாத வலி மிச்சமாகியிருக்கும்.

எதிர்பாராமல் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்த்து ஒரே ஆள் ஆடுவதாகக் கன்சோலை நம்பவைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் இது 2017-இலேயே வந்துவிட்டது, பிளேஸ்டேஷன் 5-இலும் இப்போது உண்டு. ஸ்டிக் கெட்டுக் கூரியரில் போயிருந்த மூன்று வாரத்தில் இரவல் கன்ட்ரோலர் ஒன்றும், மறுபடி வீங்கிய கட்டைவிரலும் என்னிடம் இருந்தன. என் கன்ட்ரோலர் திரும்பி வந்ததும் அதையும் இரவல் கன்ட்ரோலரையும் சேர்த்து, ஒன்றை அக்கா மகள் கையில் கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 போட்டோம். மெக்சிகோவில் கார் ஓட்டும் ஆட்டம். தனியாக ஆடும்போது ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். என் இடது கட்டைவிரலில் ஸ்டியரிங். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் அவளுடைய ஆள்காட்டி விரல்களில். முதல் வளைவிலேயே வேலியை உடைத்துக்கொண்டு போனோம். "மாமா, நீங்கள் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதன்பிறகு பாபநாசம் பஸ் கண்டக்டர் பாஷையை எடுத்துக்கொண்டோம். நான் "ரைட்" என்றால் அழுத்துவாள், "ஹோல்டான்" என்றால் பிரேக். அரை மணி நேரத்தில் நான் சொல்வதற்கு முன்பே வளைவைப் பார்த்து விரலைத் தளர்த்தத் தொடங்கிவிட்டாள். ஒரு மணல்காட்டைக் கடக்கும்போது, "உவரிக்குப் போகும் வழியில் பார்த்த தேரி மாதிரி இருக்கிறது, மாமா" என்றாள். ஒரு காருக்குள் இரண்டு பேர் மூளை ஓடுவது எப்படி இருக்கும் என்று கணினியில் பத்து ஆண்டுகள் ஆடியும் எனக்குத் தெரிந்ததில்லை. இப்போது என் கை நன்றாக இருக்கும் நாளிலும் சனிக்கிழமைகளில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

மற்றவை சுருக்கமாக. புதிய ஆட்டம் ஒன்றின் விலை 5,000 ரூபாயைத் தொடுகிறது, கணினியில் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கிப் பழகியவனுக்கு இது கசக்கும். பலரோடு இணையத்தில் ஆடப் பெரும்பாலும் தனிச் சந்தா கட்ட வேண்டும். கரண்ட் போனால் கணினியைப் போலவே இதற்கும் இன்வெர்ட்டர் தாங்குகிறது. இரவு பத்து மணிக்கு அந்த நான்கு பேரும் கணினியில் இன்னும் வாலரன்ட் ஆடுகிறார்கள், என் இடத்தில் வேறொருவன் சேர்ந்துவிட்டான். அதை எந்தக் கன்சோலும் ஈடுகட்டவில்லை.

சித்தி மகனுக்கு வருகிறேன். மறுநாள் போனில் விசாரித்தேன். அவனுக்குக் கோளாறு மணிக்கட்டு எலும்பில் இல்லை, கட்டைவிரலின் அடியில் ஓடும் தசைநாண்களில். ராத்திரி பகலாகப் போனைத் தேய்த்து வந்தது. டி குவெர்வெயின் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தம்பி, வாங்காதே. என் கைக்குப் பொருந்தியது உன் கைக்குப் பகை. மவுஸ் என் மணிக்கட்டைப் படுத்தியது, கன்ட்ரோலர் உன் கட்டைவிரலைப் படுத்தும். நான் இவ்வளவு புகழ்ந்தபிறகும் இதைத்தான் சொல்கிறேன். உனக்கு மட்டுமல்ல, தேயாத ஸ்டிக்கை உள்ளே வைத்துத் தரும் வரை யாருக்குமே வாங்கு என்று சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. கணினியை விற்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்பைக்கு வருகிறேன், என் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து உன் கணினியில் செருகித் தருகிறேன். அரை மணி நேரம் பிடித்துப் பார். மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது கட்டைவிரல் என்ன சொல்கிறது என்று எனக்குப் போன் செய்.