வெடிச்ச நட்சத்திரத்த ஆராய எது பெட்டர்: மிச்சமா, ஒளி எதிரொலியா?

நட்சத்திரம் வெடிச்சு முன்னூறு வருஷத்துக்கு அப்புறம் அது எந்த டைப் சூப்பர்நோவா (நட்சத்திர வெடிப்பு)ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு வழி இருக்கு, காசியோப்பியா ஏ-ங்கிற வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சத்த வச்சே பாத்துடலாம்.

ஒண்ணு, சிதறின மிச்சத்த நேரா பாக்குறது. ஈசி, அது எங்கயும் ஓடிப்போகாது. 1999-ல சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் எடுத்த முதல் படத்துலயே நடுவுல நியூட்ரான் நட்சத்திரம் (வெடிச்சதோட நடுப்பகுதி நசுங்கி மிஞ்சுற அடர்த்தியான உருண்டை)னு நினைக்கிற புள்ளி மாட்டிச்சு, இரும்பு சிலிக்கான் எல்லாம் எந்தப் பக்கம் போச்சுன்னு மேப்பும் போட்டாங்க. ஆனா வெடிச்சப்ப வந்த வெளிச்சம் 1600-கள் கடைசியிலயே பூமிய தாண்டிடுச்சே, அத இனிமே எங்க போய் பிடிக்கிறது?

பிடிக்கலாம், அதான் ஒளி எதிரொலி. வேற திசையில போன வெளிச்சம் தூரத்துல இருக்குற தூசி மேகத்துல பட்டு சிதறி, சுத்துவழியில வர்றதால இப்பதான் நமக்கு வந்து சேருது. சுபாரு டெலஸ்கோப்ல எடுத்த காசியோப்பியா ஏ எதிரொலியோட ஸ்பெக்ட்ரத்த (வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சது) வச்சு 2008-ல சொன்னாங்க, அது டைப் 2பி, அதாவது வெளி ஹைட்ரஜன பெரும்பாலும் இழந்த பெரிய நட்சத்திரம் நடுப்பகுதி நொறுங்கி வெடிச்சது! அதே வருஷம், வானியலாளர் டைக்கோ பிராகே 1572-ல பாத்த சூப்பர்நோவா டைப் 1ஏ (வெள்ளைக் குள்ள நட்சத்திரம் வெடிக்கிறது)ன்னும் இப்படியே உறுதியாச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, வெவ்வேற மேகத்துல பாத்தா ஒரே வெடிப்ப வெவ்வேற பக்கத்துல இருந்து பாக்கலாம், 2011-ல காசியோப்பியா ஏ-வ அப்படிப் பாத்துதான் சிதறின பொருளுக்கு ஒரு பக்கம் மட்டும் நொடிக்கு சுமார் 4000 கிமீ வேகம் கூடன்னு தெரிஞ்சுது, அதாவது வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடக்கல.

டைப் தெரியணும்னா என் ஓட்டு எதிரொலிக்குத்தான். ஆனா அது ரொம்ப மங்கல், சரியான இடத்துல தூசி இருக்கணும், போதாததுக்கு நகர்ந்துகிட்டே வேற இருக்கும்.