டர்பனிலிருந்து கூரியரில் வரும் பென்சாயிக் அமிலம்: திறந்த அன்றே சோதித்துவிடுங்கள்

நீல மூடி போட்ட வெள்ளை டப்பா, மேலே கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய லேபிள், அதில் 'பென்சாயிக் அமிலம், ஆய்வகத் தரம், 99.8%'. இப்படி ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால் மாணவர்கள் கையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

நான் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் சிறிய அளவில் வேதியியல் டியூஷன் நடத்துகிறேன். முதலாம் ஆண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் செய்முறையும் உண்டு. திண்மப் பொருளைச் சுத்திகரிக்கக் கற்றுக்கொடுக்க பென்சாயிக் அமிலத்தைவிட வசதியானது இல்லை. 100 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 56 கிராம் கரையும், 25 டிகிரியில் மூன்றரை கிராம்கூடக் கரையாது. சூடாகக் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும், இதுதான் மறுபடிகமாக்கல். உருகுநிலை 122 டிகிரி. சுத்தமாக இருந்தால் ஒரு டிகிரி இடைவெளிக்குள் உருகி முடிந்துவிடும்.

விற்றவர் டர்பன்காரர், நம்ம ஆள். கோயில் திருவிழாவில் தெரிந்த ஒருவர் கைகாட்டிவிட்டார். பேச்செல்லாம் ஆங்கிலம், 'அண்ணா' மட்டும் தமிழ். கூரியர் செலவோடு ஆயிரம் ராண்டுக்கு மேல் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

பழக்கப்படி வகுப்புக்கு முந்தின நாள் உருகுநிலை பார்க்கக் கொஞ்சம் எடுத்து நுண்குழாயில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில்) அடைத்தேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம் போதும், ஆனால் நன்றாகத் தட்டி இறுக்க வேண்டும். 110-க்கு மேல் சூட்டை நிமிடத்துக்கு ஒரு டிகிரியாகக் குறைத்துவிட்டு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 116-இலேயே ஓரம் ஈரமாகிச் சுருங்கத் தொடங்கியது. 121-இல் பெரும்பகுதி திரவம். ஆனால் அதன் நடுவே ஒரு வெள்ளைத் துகள் உட்கார்ந்திருந்தது. 125 போனேன், 130 போனேன், அது அசையவே இல்லை.

போன் செய்தேன். முதல் பதில், 'உங்கள் தெர்மாமீட்டர் சரியில்லை.' சரி, அதையும் பார்ப்போம் என்று அலமாரியிலிருந்த பழைய புட்டியின் பென்சாயிக் அமிலத்தை அதே கருவியில், அதே மதியம் வைத்தேன். 121.5-இல் தொடங்கி 122.5-இல் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. இதைச் சொன்னதும் அடுத்த பதில் வந்தது. ஜோகன்னஸ்பர்க் உயரமான இடமாம், இங்கே எல்லாமே குறைந்த சூட்டில் உருகுமாம்!

இந்தப் பதிலை நம்பி எத்தனை பேர் போனை வைத்தார்களோ. கேட்க நியாயம் மாதிரி இருக்கும், காரணம் பாதி உண்மை. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 95 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதித்துவிடும். அதனால் மறுபடிகமாக்கும்போது புத்தகக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்கும். அதெல்லாம் கொதிநிலை விஷயம். உருகுநிலையைக் காற்றழுத்தம் அப்படித் தொடாது. ஒரு வளிமண்டல அழுத்தம் முழுவதும் மாறினால்கூட ஒரு டிகிரியில் நூற்றில் சில பங்குதான் நகரும். அப்புறம், என் பழைய புட்டியும் இதே ஊரில்தானே இருக்கிறது?

அந்த உருகாத துகள் என்ன என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை. டப்பாப் பொடியில் ஒரு கரண்டி எடுத்துக் கொஞ்சம் ஐஸ் தண்ணீரில் குலுக்கி வடிகட்டினேன். வடிநீர் தெளிவாக இருந்தது. அதில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதுதான் தாமதம், குழாய் முழுக்க வெள்ளையாகத் திரண்டுவிட்டது. பழைய புட்டிப் பொடியை இதேபோலச் செய்தால் லேசான கலங்கல்கூட அரிதாகத்தான் தெரிந்தது. பிளாட்டினக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால் டப்பாப் பொடி அடர்மஞ்சள், அது சோடியத்தின் நிறம். தண்ணீரில் கரைந்திருந்த பென்சோயேட்டுதான் அமிலம் பட்டதும் கரையாத பென்சாயிக் அமிலமாகத் திரண்டது. ஆக, கலந்திருப்பது சோடியம் பென்சோயேட், குளிர்பானத்தில் கெடாமலிருக்கச் சேர்க்கும் அதே உப்பு. குளிர்ந்த தண்ணீரில் தாராளமாகக் கரையும். 122-இல் உருகவே உருகாது.

அளவு தெரியவேண்டுமே. 0.122 கிராம் எடுத்து ஆல்கஹாலில் கரைத்து, அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாகிக் காட்டும் பினாப்தலீன் விட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்த்தேன் (டைட்ரேஷன்). சுத்தமான அமிலமென்றால் 10 மில்லிலிட்டர் பிடிக்கவேண்டும். 8.9-இலேயே இளஞ்சிவப்பு நின்றுவிட்டது. அதாவது நூற்றுக்கு 89 பங்குதான் அமிலம். தவறுதலாக இரண்டையும் ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டார்களா, வேண்டுமென்றே கலந்தார்களா, அது அவருக்கே வெளிச்சம்.

அவர் அனுப்பிய தரச் சான்றிதழைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். சான்றிதழின் பேட்ச் எண் டப்பாவில் எங்குமே இல்லை. 99.8% என்று போட்டிருக்கிறது, எந்த முறையில் கண்டார்கள் என்ற கட்டம் காலி. பேட்ச் எண் பொருந்தாத சான்றிதழ் வேறு யாருடைய டப்பாவுக்கோ எழுதியது. இதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம், கூச்சப்படத் தேவையில்லை. தெரிந்தவர், நம்ம ஆள் என்றால் இன்னும் கட்டாயமாகக் கேளுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

கடைசியாக அவர் சொன்னது, 'திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்கமாட்டோம், வேண்டுமானால் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறேன்.' அடுத்த ஆர்டரா! தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுள்ள பொருளை 6 மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர் உரிமை. நிறுவனப் பெயரில் வாங்கினாலும், ஆண்டு வருமானம், சொத்து இரண்டும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தும். இதை எழுத்தில் அனுப்பியபின் அவர் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் இதே டப்பா இருந்தால் தூக்கி எறியாதீர்கள், மறுபடிகமாக்கிச் சமாளிக்கவும் வேண்டாம். மீதியை அப்படியே டேப் ஒட்டி மூடி, லேபிளையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஐஸ் தண்ணீர்ச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.