நீலகிரியில் தேயிலை ருசிக்கும் பயணம்: பேக்கேஜ் வேனா, சொந்தக் காரா, உள்ளூர் டிரைவரோடு வாடகைக் காரா?

ஊட்டிப் பக்கம் ஒயின் ருசிக்கும் பயணம் ஏதாவது உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வரிசையாகக் கோப்பை வைத்து ஒவ்வொரு வாயாக ருசி பார்க்க வேண்டுமென்றால் நாசிக் போக வேண்டும், இல்லையென்றால் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் போக வேண்டும். நம் ஊரில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்குதான். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது முக்கியமாகப் பழமாகச் சந்தைக்குப் போகிற சரக்கு. மலைக்கு மேலே, குளிருக்கும் மூடுபனிக்கும் நடுவே நமக்கு வாய்த்திருப்பது தேயிலை.

அதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. கண்ணால் நிறம் பார்த்து, மூக்கால் முகர்ந்து, ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புவது ஒயினுக்கும் தேயிலைக்கும் பொதுவான முறை. தோட்டத்தின் உயரம், பறித்த மாதம், பக்குவம் செய்த விதம் என ஒவ்வொன்றும் ருசியை மாற்றுவதும் அப்படியே. ஒயின் பயணத்தில் டிரைவர் வைத்துக்கொள்வது குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதற்காக. இங்கே டிரைவர் வேண்டும் என்பதற்குக் காரணம் மலைப்பாதையும் எஸ்டேட் வழியும். எப்படிப் போவது என்கிற கேள்விக்கு இது முக்கியம்.

நாலைந்து பேர், ஒரு நாள், இரண்டு தொழிற்சாலை என்று வைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

பேக்கேஜ் வேன்

ஊட்டியில் தங்கியிருந்தால் விடுதி வரவேற்பிலேயே சீட்டு போட்டுத் தருவார்கள். குன்னூர் சுற்று என்றால் சிம்ஸ் பூங்கா, லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ், நடுவே ஒரு டீ ஃபேக்டரி. காசு குறைவு. தனியாக வந்தவருக்கும், ஊரையே முதல் முறை பார்ப்பவருக்கும் சரியான ஏற்பாடு.

ருசி பார்க்க மட்டும் இது உதவாது. ஒரு தடவை "டீ டேஸ்டிங்கும் உண்டு" என்று சொல்லித்தான் எங்களை வேனில் ஏற்றினார்கள். போய் இறங்கியதும் காகிதக் கப்பில் ஏலக்காயும் சர்க்கரையும் போட்ட பால் டீ ஒன்று கைக்கு வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் விற்பனைக் கூடத்துக்குள் இருந்தோம். அந்த டீயை நான் குறை சொல்லவில்லை, குளிருக்கு இதமாகவே இருந்தது. ஆனால் ஏலக்காய் போட்ட பிறகு எந்த இலையின் குணத்தை அறிவது? இலை தூளாகிற கதையைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் வேனுக்கே போக வேண்டாம். ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா போகிற வழியில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகமே போதுமானது.

சொந்தக் கார்

நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். நெரிசல் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் உண்டு. கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையும் ஆக்கிவிடுவார்கள்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. கூட்டத்தில் ஒருவர் அன்று முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருப்பார். மலை ஓட்டம் பழகாதவர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவார்; "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று வழியெல்லாம் பலகை வைத்திருப்பதே அவருக்காகத்தான். எஸ்டேட் வழிகளில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடம். எதிரே கொழுந்து ஏற்றிய டிராக்டர் வந்தால் நாம்தான் பின்னால் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. அந்தப் படபடப்போடு வந்து ருசி பார்க்கும் மேசை முன்னால் நிற்பவருக்கு நாக்கில் எதுவும் பிடிபடாது.

கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்வது நடுவழி. கொண்டை ஊசி வளைவு அவருக்குப் பழக்கம்; எந்த ஃபேக்டரி அன்று ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உள்ளூர் வாடகைக் கார்

என் ஓட்டு இதற்குத்தான். மேட்டுப்பாளையம் வரை எப்படியாவது வாருங்கள். டிக்கெட் கிடைத்தால் காலை 7.10 மலை ரயிலில் குன்னூருக்கு ஏறலாம். இல்லையென்றால் அரசு பஸ். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இ-பாஸ் தொல்லை இல்லை. அன்று இரவு குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிவிட்டு, மறுநாள் முழுக்க ஒரு டி.என். 43 மஞ்சள் போர்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பதிவெண் என்பதால் அதற்கும் பாஸ் வேண்டாம்.

வேன் சீட்டைவிட ஆள் ஒன்றுக்குச் செலவு கூடும், மறுப்பதற்கில்லை. அந்தக் காசுக்குக் கிடைப்பது டிரைவரின் உள்ளூர் அறிவு. கோத்தகிரியில் எங்களுக்கு வண்டி ஓட்டியவர், திங்கட்கிழமை காலையில் நாங்கள் சொன்ன ஃபேக்டரியின் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "அண்ணா, நேத்து ஞாயித்துக்கிழமை, கொழுந்து எடுத்திருக்க மாட்டாங்க. இன்னைக்குக் காலைல மெஷின் ஓடாதுங்க. அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரலாம்."

அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. பறித்த இலையைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றோட்டத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட விட்ட பிறகுதான் உருட்டுவார்கள். முந்தின நாள் பறிப்பு இல்லையென்றால் மறுநாள் காலை ஆலைக்குள் வாசனையே இருக்காது. பச்சை இலை பழுப்பேறும்போது எழும் அந்தப் பழ வாசனைக்காகவே ஓடுகிற ஆலைக்குப் போக வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் இதைக் கூகுள் மேப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

குன்னூரா, கோத்தகிரியா

ஒரு நாளில் இரண்டையும் தொடலாம். இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் எதில் அதிக நேரம் செலவிடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

குன்னூர் தேயிலை வணிகத்தின் ஊர். 1893இல் தொடங்கிய உபாசி என்னும் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் தலைமையகம் இங்கே. 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வாராவாரம் வரும் சரக்கை ருசித்து விலை மதிப்பிடுவதே தொழிலாகக் கொண்ட தரகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சிம்ஸ் பூங்காவுக்கு மேலே இருக்கும் ஹைஃபீல்டு போன்ற ஆலைகள் பார்வையாளர்களுக்குப் பழக்கப்பட்டவை, முன்னறிவிப்பில்லாமல் போனாலும் உள்ளே விடுவார்கள். வசதிதான், கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும்.

கோத்தகிரி அமைதியானது. தொட்டபெட்டா மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் இங்கே குறைவு. ஜூலையில் ஊட்டி நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயில் தலைகாட்டும். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களைச் சுற்றிச் சிறு விவசாயிகளின் தோட்டங்கள், கூட்டுறவு ஆலைகள், இடையிடையே பெரிய எஸ்டேட்டுகள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் வீடு கட்டிக்கொண்ட கன்னேரிமுக்கும் பக்கத்தில்தான். முன்கூட்டியே போனில் பேசி நேரம் வாங்க வேண்டும், பல இடங்களில் "இன்று முடியாது" என்ற பதிலும் வரும். வாங்கிவிட்டால் உங்கள் ஐந்து பேருக்காக ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கி நின்று பேசுவார். நான் கோத்தகிரிக்குக் காலையைக் கொடுத்து, குன்னூருக்குப் பிற்பகலைக் கொடுப்பேன். நாக்கு காலையில்தான் சுத்தமாக இருக்கும்.

மேசை முன்னால்

வெள்ளைப் பீங்கானில் மூடியுள்ள சின்னக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம், பின்னால் உலர்ந்த தூள் ஒரு சிட்டிகை. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்பது உலகத் தர அளவு. நேரம் முடிந்ததும் கோப்பையை மூடியோடு அப்படியே கிண்ணத்தின் மேல் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். விளிம்பிலுள்ள பல் போன்ற வெட்டு வழியாகச் சாறு மட்டும் இறங்கும், இலை உள்ளேயே தங்கும். பிறகு மூடியைத் திருப்பி, வெந்த இலையை அதன் மேல் கொட்டிக் காட்டுவார்கள். செப்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் பக்குவம் சரி. பச்சை தட்டினால் பழுப்பேற விட்டது போதவில்லை.

அடுத்தது உறிஞ்சல். சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் சாறு காற்றோடு சேர்ந்து நாக்கு முழுக்கத் தெறித்து, வாசனை மூக்குக்கு ஏறும். எங்களோடு வந்த சித்தி சின்ன வயதிலிருந்து டஸ்ட் டீயைப் பாலில் கொதிக்க வைத்தே குடித்தவர். சத்தம் போடக் கூச்சப்பட்டு முதல் இரண்டைச் சும்மா விழுங்கினார். மூன்றாவது, தை மாதக் குளிரில் பறித்த ஆர்த்தடாக்ஸ், அதாவது தூளாக நொறுக்காமல் இலையை உருட்டிப் பக்குவம் செய்தது. அதைத் துணிந்து உறிஞ்சியவர் கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஏன்ப்பா, இதுல பூ வாசம் வருது, எதாச்சும் கலந்திருக்காங்களா?" என்று கேட்டார். எதுவும் கலக்கவில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெல்ல வளரும்போது இலையில் தானாகச் சேருகிற மணம் அது. அந்தச் சரக்கைத்தான் உறைபனித் தேயிலை என்று தனியாக விற்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு கிண்ணத்தை அப்படியே ஆற விடச் சொல்லுங்கள். நல்ல நீலகிரித் தேநீர் ஆறிய பிறகும் கலங்காமல் தெளிவாக நிற்கும். ஐஸ் டீ தயாரிப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

இந்த மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர்தான் நெருக்கமில்லாமல் நிற்க முடியும். டெம்போ டிராவலரில் பன்னிரண்டு பேர் வந்தால் பின்வரிசைக்குக் கரண்டி வருவதற்குள் சாறு ஆறிவிடும். வண்டியும் எஸ்டேட் வளைவுகளில் திரும்பாது. இன்னோவாவில் டிரைவர் தவிர ஆறு பேர் உட்காரலாம் என்றாலும் கடைசி வரிசையில் உட்காருபவருக்கு வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். ஐந்து பேர் என்றால் நிம்மதி. புறப்படும் முன் சென்ட், பாக்கு, புதினா மிட்டாய் எதுவும் வேண்டாம். காரமான சாப்பாடு மதியத்துக்கு இருக்கட்டும்.

பழனி மலைத்தொடருக்குப் போவதாக இருந்தால்

கொடைக்கானலில் இதே பயணத்தைத் தேடாதீர்கள். அங்கே கீழ்மலையில், தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம், காப்பி. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் பழம் பறிப்பதைப் பார்க்கலாம், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ருசிக்கும் மேசை ஏற்பாடு நீலகிரி அளவுக்கு இல்லை. தெரிந்த தோட்டக்காரர் இருந்தால் மட்டும் போகலாம்.

வண்டி பேசும்போது

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். அதற்குள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், காத்திருப்புக்குத் தனியா, பேட்டா, பார்க்கிங் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். "பத்து பாயிண்ட் காட்டுகிறேன்" என்று சொல்பவரிடம், எங்களுக்கு இரண்டு ஃபேக்டரி போதும், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் நிற்போம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிலர் குறிப்பிட்ட கடைக்கு ஆள் கொண்டுபோனால் கமிஷன் வாங்குவார்கள். ஃபேக்டரியை நீங்களே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

டிரைவரையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்துவிட்டு, இது எந்தச் சரிவு இலை என்று அங்கிருந்தவரோடு வாதாடினார். அந்த வாதத்தைக் கேட்டே நாங்கள் நிறையத் தெரிந்துகொண்டோம். மதியம் அவர் சாப்பிட நேரம் விடுங்கள். இருட்டுவதற்கு முன் தங்குமிடம் திரும்பிவிடுங்கள். கோத்தகிரிப் பாதையில் அந்தி சாய்ந்தால் காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து நேரே ரோட்டுக்கு இறங்கும். தூள் வாங்குவதானால் நூறு கிராம் பொட்டலங்களாக, பறித்த மாதம் கேட்டு வாங்குங்கள்.