ஆர்ம் ஸ்லிங் பவுச்: மண்டிக்காரன் போடும் மார்க்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு சர்ஜிகல் கடையில் வாங்கிய, அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுத் தாங்கும் நீலத் துணி ஸ்லிங் இது. பை போலத் தைத்து, முழங்கைப் பக்கம் மூடியிருக்கும். கழுத்துக்கு ஒரு பட்டை, கட்டைவிரல் நுழைக்க ஒரு வளையம், ஒட்ட வெல்க்ரோ. அவ்வளவுதான்.

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகும்போது பைக் சறுக்கி, வலது தோள் நேராகத் தரையில் மோதிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "பந்துக்கிண்ண மூட்டு நல்லா இருக்கு. அதுக்கு மேல, காறை எலும்பு தோள்பட்டையில சேர்ற இடம்தான் விலகியிருக்கு. இரண்டாம் நிலை" என்றார். ராக்வுட் என்ற எலும்பு டாக்டர் இந்தக் காயத்தைப் பிரித்ததில் மொத்தம் ஆறு நிலை. முதல் இரண்டுக்கும் ஸ்லிங்கும் பயிற்சியும் போதும். மூன்றில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். மண்டியில் ஆளாளுக்குப் புத்தூர் கட்டு என்றார்கள். எலும்பே முறியவில்லை, விட்டது மூட்டைப் பிடிக்கும் நார். கட்டு எதற்கு?

சரி, ஸ்லிங்குக்கு வருவோம். எலும்பு மேலே துருத்திக்கொண்டு வந்தது போலத் தெரிந்தாலும், பாதி விஷயம் கையின் பாரத்தில் தோள்பட்டை கீழே இறங்குவதுதான். அந்தப் பாரத்தைப் பை தாங்க வேண்டும். கடைப் பையன் ஆளைப் பார்த்தே மீடியம் கொடுத்துவிட்டான். முழங்கை உள்ளே போய் உட்காராமல், மணிக்கட்டு வெளியே தொங்கியது. டேப் வைத்து முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை அளந்து, திரும்பப் போய் லார்ஜ் வாங்கியதும்தான் தோள் லேசானது. அளக்காமல் வாங்காதீர்கள்.

பட்டைதான் மோசம். ரொம்ப மெல்லிசு, சித்திரை வெயிலில் வேர்வையோடு கழுத்தை அறுத்தது. வீட்டில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்த பிறகே மாட்ட முடிந்தது. வெல்க்ரோவில் நூலும் தூசியும் அப்பிக்கொண்டு சீக்கிரமே பிடி தளர்ந்துவிட்டது. மல்லாந்து படுத்து முழங்கைக்குத் தலையணை வைத்தால் ராத்திரி சமாளிக்கலாம். அந்தப் பக்கம் மட்டும் புரளக் கூடாது.

நல்ல அம்சம் ஒன்று உண்டு: ஒரே கையால் கழற்றிவிடலாம். விரல், மணிக்கட்டு, முழங்கையை அவ்வப்போது நீட்டி மடக்கச் சொல்கிறார் பிசியோ, இல்லையென்றால் இறுகிவிடுமாம். இப்போது வலி மட்டுப்பட்டிருக்கிறது. தோளில் சின்ன மேடு நிற்கிறது. அது ஸ்லிங்கின் குற்றமில்லை, டாக்டர் முன்பே சொன்னதுதான்.

ஐந்துக்கு மூன்று. கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, பஞ்சு வைத்த அகலப் பட்டையாகக் கேளுங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இருந்ததால்தான் எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.